இருபத்தைந்து வார்த்தைகள்

12 ஜூலை 1943, திங்கள்

காலை முறை. போர்டில் ஏழு மணி நேரம். ஹெட்ஃபோன் பட்டை அழுத்தி வலது காதுக்கு மேல் மறுபடியும் புண். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆசிரியையாக இருந்த நாளில் பிள்ளைகளைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்வேன், நான் எழுதினதில்லை. இன்றுமுதல் எழுதுவதாகத் தீர்மானம்.

ராணுவ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இப்போது பெண்கள் பதினாறு பேர். ஆண் ஆபரேட்டர்களை வடகிழக்கு எல்லைக்கு அனுப்பிவிட்டு எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். காக்கிச் சேலை, காக்கி ரவிக்கை, தோளில் பட்டை. நான் சேர்ந்து பதினோரு மாதம். என் பக்கத்து நாற்காலி நவநீதம். வேலூர்க்காரி, வயது இருபத்திரண்டு, என்னைவிட ஏழு வயது சின்னவள். விடுதியிலும் என் பக்கத்துக் கட்டில்தான். என்னை அக்கா என்கிறாள். இங்கிலீஷ் சுமார். பிளக்கை மாற்றிச் செருகிவிட்டுத் தானே சிரிப்பாள். நான்தான் திருத்துவேன்.

அவள் புருஷன் ஏகாம்பரம் பட்டாளத்தில் நாயக். என் கணவர் சாமுவேல் ஜெபமணி மருத்துவப் பிரிவில் ஹவில்தார். போன வருஷம் பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த அன்றிலிருந்து இரண்டு பேரைப் பற்றியும் தகவல் இல்லை.

17 ஜூலை, சனி

வழக்கம்போல் நானும் நவநீதமும் மவுண்ட் ரோடு விசாரணை அலுவலகத்துக்குப் போனோம். சிறைப்பட்ட சிப்பாய்களின் பட்டியலை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். கவுண்டரில் இருப்பவர் எங்களைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வெளியே வந்து ஆளுக்கொரு சோடா குடித்தோம்.

"உனக்கு வந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றாள்.

"உனக்கு வந்தா?"

"எனக்கு வந்தா ஊருக்கே கேக்கும்க்கா, நான் கத்தற கத்துல."

மற்றப் பெண்கள் எங்களிடம் பேசும்போது குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் அப்படிப் பேச வேண்டியதில்லை. அது பெரிய ஆறுதல். அத்தான் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை என்பதைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குத் தலைவலி.

21 ஜூலை, புதன்

நவநீதத்துக்கு அட்டை வந்தது.

22 ஜூலை, வியாழன்

நேற்று எழுத உட்கார்ந்தேன், அதற்குமேல் வரவில்லை.

மாம்பழக்கலரில் ஒரு சின்ன அட்டை. ஜப்பான்காரன் அச்சடித்த வரிகள். நான் சிறைப்பட்டிருக்கிறேன், என் உடல்நலம் நன்று, இப்படி நாலு வரி. கீழே கையெழுத்து மட்டும் ஏகாம்பரத்துடையது. எழுதி ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவள் கத்தவில்லை. சாப்பாட்டு அறையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், கட்டிப்பிடித்துக்கொண்டேன், அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

மேற்பார்வை மிஸ் ரொசாரியோ தன் சொந்தச் சர்க்கரையைக் கொடுத்துக் கேசரி கிளறச் சொன்னாள். ரவையில் பூச்சி. நன்றாகச் சலிக்கவில்லை.

25 ஜூலை, ஞாயிறு

கோயிலில் பாஸ்டர் ஐயா சிறைப்பட்டவர்களுக்காக ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு அத்தான் முகத்தை நினைக்கப் பார்த்தேன். அந்த மாம்பழக்கலர்தான் வந்தது.

விடுதிக்குத் திரும்பினால் எல்லோரும் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள். போன வாரம்வரை இரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்த இரக்கம் முழுக்க இப்போது என் ஒருத்திக்கு. எனக்கு வேண்டாம்.

நவநீதம் அட்டையைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்குகிறாள். தூக்கத்தில் புரளும்போது அது சரசரக்கிறது. சொன்னால், "ஐயோ, உன் தூக்கம் கெடுதாக்கா?" என்று எடுத்துவிடுவாள். அதனால்தான் சொல்லவில்லை.

31 ஜூலை, சனி

விசாரணை அலுவலகத்துக்கு என்னோடு வருகிறேன் என்றாள்.

"உனக்கு இனி என்ன வேலை அங்க?"

"உனக்குக் கேக்க வேணாவா? உன்ன ஒண்டியா உட்ருவனா?"

முறை மாறியிருக்கிறது, இன்று போகவில்லை என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய் டிராம் ஏறினேன். தகவல் இல்லை. ஒரு சோடா முழுசாகக் குடிக்க முடியவில்லை.

9 ஆகஸ்ட், திங்கள்

பிரிகேடியர் வந்து பார்வையிட்டார். மூன்று நாளாகப் பித்தளை தேய்த்து விரல் கறுத்துப்போயிற்று. நான் இணைத்த டெலிபோன் கால்கள் எல்லாம் தவறில்லாமல் போயின. ஒன்றுகூட அறுந்துவிடவில்லை. அவர் நவநீதம் பின்னால் நின்று ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, இந்தக் குரல் யாருடையது, கேட்கவே தெளிவாக இருக்கிறதே என்றாராம்.

மாலையில் மிஸ் ரொசாரியோ அவளை முதல் போர்டுக்கு மாற்றிவிட்டாள். அங்கே பெரிய அதிகாரிகளின் லைன்கள் மட்டும். மூத்தவளான நான் பொதுப் போர்டிலேயே.

"சுகிர்தம், உனக்கு வேகம் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு. ஆனா இப்ப கொஞ்ச நாளா உன் வாய்ஸ்ல ஒரு கோவம் இருக்கு மேன். லைன்ல கேக்குது" என்றாள்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஏகாம்பரம் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தவளுக்குக் குரல் தெளியத்தான் செய்யும். எனக்கும் தெளியும்.

12 ஆகஸ்ட், வியாழன்

நவநீதம் பூ வைக்க ஆரம்பித்திருக்கிறாள். சீருடையில் பூ கூடாது என்று விதி. மிஸ் ரொசாரியோவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். நவநீதம் பூவை எடுத்து என் பைபிளுக்குள் வைத்துவிட்டுப் போனாள். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.

16 ஆகஸ்ட், திங்கள்

சிறைப்பட்டவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒரே ஓர் அட்டைதான் கொடுக்கிறார்களாம். யாருக்கு எழுதுவது என்பது அவரவர் விருப்பம். கேட்டதிலிருந்து அதே யோசனை. அத்தான் உயிரோடு இருந்து, அத்தான் கையிலும் அட்டை கொடுத்திருந்தால்? ஊருக்கு, நாசரேத்திலிருக்கும் அத்தானுடைய அம்மாவுக்கு எழுதியிருக்கலாம். மாமி எனக்குச் சொல்லமாட்டார்கள். நான் பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து அவர்கள் கடிதம் போடுவதில்லை.

ஏகாம்பரத்துக்கும் அம்மா இருக்கிறார்கள். அவர் நவநீதத்துக்குத்தானே எழுதினார்.

துவைத்த சேலைக்குக் கஞ்சி அதிகமாகிவிட்டது. பலகை மாதிரி நிற்கிறது.

20 ஆகஸ்ட், வெள்ளி

பதில் எழுத அனுமதி வந்திருக்கிறது. ஆங்கிலத்தில், தட்டச்சில், இருபத்தைந்து வார்த்தைக்குள் இருக்க வேண்டும். ஒரு வார்த்தை கூடினாலும் தள்ளிவிடுவார்களாம்.

இந்த விடுதியில் என்னைவிட நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவள் யார்? நவநீதம் என்னிடம் வரவில்லை. மிஸ் ரொசாரியோ அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் டைப் அடித்தார்கள். கதவு வழியாகச் சத்தம் கேட்டது. எண்ணுகிறார்கள், அடிக்கிறார்கள், கிழிக்கிறார்கள், மறுபடி எண்ணுகிறார்கள். புருஷனுக்கு எழுதுவதை நான் பார்க்கக்கூடாதாக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டில் உறையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்கு எனக்கு டூட்டிக்கா. நீ எப்படியும் அங்க போவல்ல? கவுண்டர்ல குடுத்துரு. உள்ள இருக்கறத பாக்காத, இன்னா?"

"எனக்கு எதுக்கு உன் வீட்டு விஷயம்?"

சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

21 ஆகஸ்ட், சனி

அலுவலகத்துக்குப் போனேன். எனக்குத் தகவல் இல்லை. உறையை எடுத்துப்போக மறந்துவிட்டேன்.

28 ஆகஸ்ட், சனி

இன்றும் மறந்துவிட்டேன். கவுண்டரில் கூட்டம் வேறு.

"குடுத்துட்டியாக்கா?"

"கொடுத்தாச்சு."

போன வாரமே அப்படிச் சொல்லிவிட்டதால் இப்போது மாற்றிச் சொல்ல முடியாது.

11 செப்டம்பர், சனி

உறை என் டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. பத்திரமாகத்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அரிசியில் கல். விடுதியில் பாக்கியத்தம்மாளுக்குப் பல் உடைந்தது.

25 செப்டம்பர், சனி

நவநீதம் நாள் கணக்குப் பார்க்கிறாள். "இந்நேரம் கப்பல்ல போயிட்டிருக்கும் இல்லக்கா? எந்தக் கடல்ல இருக்கும்?" என்று என்னிடமே பூகோளம் கேட்கிறாள். சாப்பாட்டு மேஜையில் அவளுக்குக் கடல்களையெல்லாம் விரலால் வரைந்து காட்டினேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினேன்.

நாளை எப்படியும் கொடுத்துவிடுவேன். நாளை ஞாயிறு. அப்படியானால் அடுத்த சனி.

10 அக்டோபர், ஞாயிறு

மழை நிற்கவில்லை. நேற்று போக முடியவில்லை. இன்று நான் மதிய முறைக்கு வந்தேன், முழங்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சீருடையோடு நடந்தேன். மாற்றிவிட ஆள் வராததால் எக்ஸ்சேஞ்சிலேயே தங்கல்.

12 அக்டோபர், செவ்வாய்

இரண்டு நாளாக இங்கேயே. கூவம் கரை உடைத்துக்கொண்டது. டிராம் இல்லை. நாங்கள் ஐந்து பேர்தான் பதினாறு பேர் வேலையைப் பார்க்கிறோம். பாட்டரி அறைக்குள் தண்ணீர் ஏறியது. மேஜைகளை அடுக்கி பாட்டரிகளை மேலே தூக்கி வைத்தோம். லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. படகு கேட்கிறவர்கள், அரிசி கேட்கிறவர்கள், ஆஸ்பத்திரி கேட்கிறவர்கள். நான் முதல் போர்டில் உட்கார்ந்தேன், வேறு ஆள் இல்லாததால். எத்தனை ஆசைப்பட்ட நாற்காலி! உட்கார்ந்தது ஞாபகமே இல்லை. அத்தனை வேலை.

பகல் பதினோரு மணிக்கு விடுதி லைன் அடித்தது. நவநீதம்.

"அக்கா! நல்லா இருக்கியா? துன்னியா?"

"இருக்கேன். அங்க எப்படி?"

"கீழ பூரா தண்ணி. எல்லாரும் மாடியில கீறோம். உன் பொட்டியத்தான் முதல்ல தூக்கியாந்தேன், கவலப்படாத. ஆனா தண்ணி உள்ள பூந்துடுச்சு. உன் கல்யாணச் சேலையெல்லாம் நனஞ்சிருக்கும். தெறந்து காயவெக்கறேன்."

"வேண்டாம்" என்றேன்.

"இன்னாது?"

"வேண்டாம் நவநீதம். திறக்காத. நான் வந்து பாத்துக்கிடுதேன்."

"சாயம் எறங்கிடும்க்கா. பூட்டு கூட..."

லைன் அறுந்தது. பிளக்கை எடுத்து மறுபடி மறுபடி செருகினேன். எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை. அதற்குள் போர்டில் எட்டு விளக்கு எரிந்தது. ஒன்றையும் விடாமல் எடுத்தேன்.

13 அக்டோபர், புதன்

மத்தியானம் படகில் கொண்டுவந்து விட்டார்கள். மாடி வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கயிறு. என் கல்யாணச் சேலை, என் ரவிக்கைகள், சர்ட்டிபிகேட், அத்தான் எழுதிய ஒரே கடிதம், கல்யாணப் படம் எல்லாம் ஒழுங்காகக் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. கடைசியில் அந்த அட்டை. உறை கரைந்து போயிருந்தது. எழுத்துகள் ஊறியிருந்தன, ஆனாலும் படிக்கலாம்.

யாரும் பக்கத்தில் இல்லை. படித்தேன்.

அட்டை கிடைத்தது, அம்மாவும் நானும் நலம், தினமும் வேண்டுகிறேன், காத்திருக்கிறேன், சீக்கிரம் வாருங்கள். ஆங்கிலத்தில் அது பதினொரு வார்த்தை. மீதி பதினான்கும் இது: மருத்துவப் பிரிவு ஹவில்தார் சாமுவேல் ஜெபமணியைக் கண்டுபிடியுங்கள், மனைவி என்னோடு இருக்கிறார், எனக்கு அக்கா மாதிரி, எல்லோரையும் கேளுங்கள்.

நான் மூன்று தடவை எண்ணினேன். பதினான்குதான்.

நவநீதம் பின்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"மறந்துட்டேன்" என்றேன். அப்போதும் அதுதான் வாயில் வந்தது.

"ரெண்டு மாசமாவா?"

நான் அட்டையைக் கயிற்றிலிருந்து எடுக்கப் போனேன்.

"உன்கிட்ட காட்டாதது எதுக்கு தெரியுமா? பதில் வரலைன்னா நீ ஒடஞ்சிடுவேன்னு. ரொசாரியோம்மா சொன்னாங்க, 'உன் வார்த்தைய ஏன் இப்படி வேஸ்ட் பண்றே, புருஷனுக்கு எழுது'ன்னு. நான்தான் சண்ட போட்டு எழுத வெச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்க்கா? நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. உனக்கு வந்துச்சு. எனக்கு வரல. அவ்வளவுதான்."

"இது ஒரு காரணமா?"

"இல்ல."

அவள் போய்விட்டாள். ராத்திரி தன் பாயை வராந்தாவின் மறுகோடிக்கு எடுத்துப்போனாள்.

14 அக்டோபர், வியாழன்

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். பூ விஷயத்தைச் சொன்னது நான். அத்தான் போன அன்று எனக்குத் தலைவலி இல்லை. என்னிடம் கேட்காமல் அத்தான் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்ற ஆத்திரம். "போறவங்க திரும்பி வராட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்த மனுஷர் அட்டை கிடைத்தால் யாருக்கு எழுதுவார்கள்?

மிஸ் ரொசாரியோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "புது அட்டை ஒண்ணு என்கிட்ட இருக்கு. அவ என்ன சொல்றாளோ அதை நீ டைப் பண்ணு" என்றாள்.

15 அக்டோபர், வெள்ளி

டைப்ரைட்டர் முன்னால் நான். நவநீதம் ஜன்னல் பக்கம் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருபத்தஞ்சையும் உனக்கே எழுதிக்கோ நவநீதம். நான் கேக்க மாட்டேன்."

"அந்த மனுஷரு இன்னா பாவம் பண்ணாரு? உனக்காக ஒண்ணும் எழுதல. அவருக்காக எழுதறேன். அடி."

அடித்தேன். பழைய வார்த்தைகளேதான், ஒவ்வொன்றாக. 'மனைவி என்னோடு' வரை வந்தது. அடுத்து 'எனக்கு அக்கா மாதிரி'. ஆங்கிலத்தில் மூன்று வார்த்தை. விரல் அந்த எழுத்தின் மேல் நின்றது.

"அது வேணாம்" என்றாள். "அந்த மூணுல, செவலைப் பசு கன்னு போட்டுச்சுன்னு போடு. அவரு வளத்த பசு."

போட்டேன். எண்ணினேன். இருபத்தைந்து சரியாக இருந்தது.

16 அக்டோபர், சனி

இரண்டு பேரும் போய்க் கவுண்டரில் கொடுத்தோம். அவளே கொடுத்தாள், முத்திரை விழும்வரை நின்று பார்த்தாள். எனக்குத் தகவல் உண்டா என்று நான் கேட்க மறந்தே போனேன், அவள்தான் கேட்டாள். இல்லை. திரும்பும்போது டிராமில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

3 நவம்பர், புதன்

இப்போதெல்லாம் என்னை மிஸஸ் ஜெபமணி என்று கூப்பிடுகிறாள். போர்டில், சாப்பாட்டில், எங்கும். மரியாதையாகத்தான்.

28 நவம்பர், ஞாயிறு

மாமிக்குக் கடிதம் எழுதினேன். ஸ்டேஷனுக்குப் போகாததையும், அன்று பேசின பேச்சையும் எழுதினேன். அத்தானிடமிருந்து ஏதாவது வந்திருந்தால், எனக்கென்று ஒரு வரியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

14 டிசம்பர், செவ்வாய்

மாமியிடமிருந்து பதில். அவர்களுக்கும் ஒன்றும் வரவில்லை. கடைசியில், "நீயும் அங்கே வயிறாரச் சாப்பிடு" என்று எழுதியிருக்கிறார்கள்.

24 ஜனவரி 1944, திங்கள்

காதுப் புண் ஆறிவிட்டது. புது ஹெட்ஃபோன் வந்திருக்கிறது, பஞ்சு வைத்தது.

இன்று காலை எல்லோரும் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மிஸ் ரொசாரியோவைக் கேட்டேன். நவநீதத்துக்கு இரண்டாவது அட்டை வந்து மூன்று நாளாயிற்றாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாளாம். "மறைச்சு வைக்கிறா பாவம், சந்தோஷப்படக்கூட பயம்" என்றாள் மிஸ் ரொசாரியோ.

மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"அட்டையப் படிச்சுக் காட்டு."

"அதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. நம்ம அட்டை போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே எழுதுனது."

"தெரியும். உனக்கு இருக்கறதப் படி."

என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு தலையணை உறையிலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை ஏகாம்பரத்தின் கையெழுத்திலேயே ஐந்து வரி. ஆங்கிலம் தடுமாறினாள், நான் எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சல் வந்து தேறிவிட்டதாம். தோட்ட வேலையாம். அவள் கையால் செய்த மீன் குழம்பு கனவில் வருகிறதாம். என் அன்பு மனைவி என்று முடித்திருந்தார்.

அந்த மூன்று வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஜூலையில் எரிந்தது மாதிரியேதான், ஒரு துளியும் குறையாமல். எழுந்துபோக வேண்டும் போலிருந்தது. எரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொரு தடவ படி" என்றேன்.

படித்தாள். மீன் குழம்பு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மீன் கொழம்புல நான் எப்பவும் உப்பு ஜாஸ்தி போட்டுருவேன்க்கா, திட்டிக்கினே துன்னுவாரு" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்னை எப்படிக் கூப்பிட்டோம் என்று கவனித்தாள். கையில் இருந்த சேலையை மறுபடி உதறி மடிக்க ஆரம்பித்தாள். அதன் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.